யார் வேணாலும் போடலாம்

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா கட்டம் போட்ட துணிதானே, யார் வேணாலும் போடலாம்."

போன டிசம்பரில் சர்ச் கிறிஸ்துமஸ் விற்பனையில், நான் தைத்த மேசை விரிப்பைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என் மச்சினன் சொன்னது. சொன்ன கையோடு பக்கத்து மேசைக்கு பிளம் கேக் வாங்கப் போய்விட்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன் கெட்டவன் இல்லை, என்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்றும் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மறந்திருப்பேன். இதுவோ பல்லிடுக்கில் சிக்கின பாக்குத் துண்டு மாதிரி இரண்டு மாதமாக அங்கேயே கிடக்கிறது. நாக்கும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எனக்கும் ஊசிக்கும் 58 வயது வரை சட்டைப் பட்டன் அளவுக்குத்தான் சிநேகம். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் 31 வருடம் பச்சை இலைக் கணக்கு எழுதினவன் நான். யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், முன்பணம் எவ்வளவு போயிருக்கிறது என்று கட்டம் கட்டமாக எழுதியே ஆயுசு ஓடியது. எங்கள் வீட்டுக்குப் பத்துப் படி கீழே டீச்சர் வீடு. கான்வென்ட் ஒன்றில் 40 வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவர். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, டீச்சர்தான். போன செப்டம்பரில் கோயம்புத்தூர் போய் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். குனியக் கூடாது, அடுப்புப் புகை கூடாது, புதுக் கண்ணாடி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை நாளைக்கு இத்தனை வேளை சொட்டு மருந்து. தனியாக இருப்பவர். மருந்து விடும் வேலை ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மா இருந்த என் தலையில் விழுந்தது.

மூன்றாம் நாள் மருந்து விட்டுவிட்டுக் கிளம்பும்போது, "தம்பி, ஒரு பத்து ஊசில நூல் கோத்து வச்சிட்டுப் போறீங்களா?" என்றார். விற்பனைக்குக் கொடுக்க வேண்டிய மேசை விரிப்பு ஒன்று பாதியில் நின்றிருந்தது. தடவிப் பார்த்தே போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் போனால் பத்து ஊசியும் அப்படியே குத்தியபடி இருக்கின்றன, துணி மடியில், டீச்சர் முகம் ஜன்னல் பக்கம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே துணியை என் பக்கம் நீட்டி, "நான் சொல்றேன், நீங்க குத்துங்க" என்றார்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் சிக்கன் ஸ்கிராட்ச் என்று பெயர். வீட்டில் சொன்னதும், "ஞாயித்துக்கிழமைக்கா?" என்றாள் மனைவி. லக்னோவின் சிக்கன் என்கிற பூத்தையல் வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோழி கிளறின தரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்றே சொல்லிச் சொல்லி அடிப்பார். அந்தக் கைக்குக் கடைசியில் பொருத்தமான தொழில் கிடைத்துவிட்டது. 1930-களில் அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, லேஸ் வாங்கக் காசில்லாத வீட்டுப் பெண்கள் கட்டம் போட்ட மலிவுத் துணியில் நூலாலேயே லேஸ் மாதிரி தோற்றம் கொண்டுவந்தார்கள். அதனால் இதற்கு டிப்ரெஷன் லேஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. டீச்சர் இதைச் சொல்லும்போது ஏனோ பெருமையாகச் சொன்னார்.

மூணு விடு, நாலாவதுல குத்து

இதற்கான கட்டத் துணிக்கு ஜிங்காம் என்று பெயர், அப்படிக் கேட்டால் நம்மூர்க் கடையில் முழிப்பார்கள். ஸ்கூல் யூனிஃபார்ம் செக்டு என்றால் தாராளமாக எடுத்துப் போடுவார்கள். நீலமும் வெள்ளையும் ஒரே அளவில் மாறி மாறி வரும் பாவு, அதாவது நெட்டுவாக்கு நூல், அதே கணக்கில் ஊடை, அதாவது குறுக்குவாக்கு நூல். நீலமும் நீலமும் சேரும் இடம் முழு நீலம், வெள்ளையும் வெள்ளையும் சேரும் இடம் வெள்ளை, ஒன்றுமேல் ஒன்று ஏறும் இடம் அரை நீலம். ஆக, துணி ஒன்று, நிறம் மூன்று. இத்தனை வருடம் இந்தத் துணிகளைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், மூன்று நிறம் இருப்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

தையல் மூன்றே வகை. முதலாவது நட்சத்திரம்: ஒரு கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் ஒரு கூட்டல் குறி, எட்டுக் கால். முழு நீலக் கட்டத்தில் வெள்ளை நூலால் போட்டால் அந்தக் கட்டம் வெளுத்துவிடும், வெள்ளைக் கட்டத்தில் நீல நூலால் போட்டால் கறுத்துவிடும். நீங்கள் படம் வரைவதில்லை, துணி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் வெளிச்சத்தையும் நிழலையும் இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது, அரை நீலக் கட்டங்களில் ஒற்றை ஓட்டுத் தையல். மூன்றாவது வட்டம். எனக்குப் பித்துப் பிடிக்கவைத்தது இதுதான். ஒரு வெள்ளைக் கட்டத்தின் நாலு பக்கமும் இருக்கும் அரை நீலக் கட்டங்களில், நடுவைப் பார்த்த மாதிரி ஒவ்வொரு தையல். பிறகு வெள்ளை நூலை மேலே கொண்டுவந்து, துணியைக் குத்தாமல், அந்த நாலு தையலின் அடியில் மட்டும் நுழைத்து இரண்டு சுற்று. ஊசியைத் திருப்பிப் பிடித்துக் காதுப் பக்கத்தை முன்னால் விட வேண்டும், முனையை விட்டால் துணியைக் கவ்விவிடும். கொஞ்சம் இழுத்தால் வட்டம் சதுரமாகிவிடும், கொஞ்சம் தளர்த்தினால் தொங்கும். சரியாக விழும்போது, துணியில் ஒட்டாமல் ஒரு சின்ன மோதிரம் மிதக்கிற மாதிரி நிற்கும். முதல் மோதிரம் சரியாக விழுந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? சம்பள உயர்வு வந்த நாளில்கூட நன்றாகத் தூங்கினவன்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தபடி சொல்லுவார். "மூணு விடு, நாலாவதுல குத்து. மேல்கால் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?" "வலது பக்கம், டீச்சர்." "எல்லாமே வலது பக்கம்தானா?" இதற்குத்தான் நான் திணறுவேன். பெருக்கல் குறியின் மேல்கால் ஒன்று மாறிச் சாய்ந்தாலும் வெளிச்சம் பட்டதும் அது மட்டும் தனியாகத் தெரியும். முடிச்சுப் போடக் கூடாது, நூல் நுனியைப் பின்பக்கத் தையலுக்குள்ளேயே செருக வேண்டும். ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வெள்ளைக் கட்டத்தின் முதுகு வழியாக நீல நூலைக் கொண்டுபோகக் கூடாது, முன்னால் அழுக்கு மாதிரி தெரியும். ஆறு இழை நூலில் மூன்றைப் பிரித்து எடு, முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்ததும் ஊசிகள் பழைய குட்டிகூரா டப்பாவில், பவுடருக்குள் போய்விட வேண்டும். ஐப்பசி மழையில் குன்னூரில் வெளியே வைத்த ஊசி ஒரே வாரத்தில் துருப்பிடித்து, வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். இந்த விதிகளில் எதற்கும் அவர் காரணம் சொன்னதில்லை. தப்பு செய்த பிறகு காரணம் தானாகத் தெரிந்தது.

முட்டை

டீச்சர் பாதியில் விட்ட விரிப்பை அக்டோபர் முடிவதற்குள் முடித்துவிட்டேன். கை கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் தலையும் கொஞ்சம் வீங்கியது. சொந்தமாக ஒன்று போடலாம் என்று கடைவீதியில் ஒரு கடைக்குப் போனேன். சிவப்பு வெள்ளைக் கட்டம், ஒன்றரை மீட்டர், விலை சல்லிசு. கடைக்காரர், "சாயம் போகாது சார்" என்றார், போகவும் இல்லை. அந்த மட்டில் அவர்மேல் குறை இல்லை. டீச்சரிடம் காட்டவில்லை. முடித்துவிட்டு ஒரேயடியாகக் காட்டி அசத்த வேண்டும் என்று சின்னப் பிள்ளை ஆசை. ராத்திரி எட்டு மணிக்குமேல், வீட்டில் டிவி ஓட, நான் மூலையில் எண்ணிக்கொண்டிருப்பேன். 36 வட்டம், நடுவில் ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம், சுற்றி பார்டர்.

முடித்துக் கொண்டுபோய் டீச்சர் மடியில் வைத்தேன். புதுக் கண்ணாடி அப்போது இன்னும் வரவில்லை. வலதுகை ஆள்காட்டி விரலால் ஒரு வட்டத்தின் மேல் மெதுவாகச் சுற்றினார். அடுத்த வட்டம். துணியைக் கால் திருப்பம் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி அதே வட்டம். நான் பாராட்டுக்குக் காத்திருக்கிறேன். விரல் நின்றது.

"தம்பி, இது வட்டம் இல்ல. முட்டை."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பார்த்தால் வட்டமாகத்தானே இருக்கிறது? வீட்டுக்கு வந்து ஆபீஸ் காலத்து இரும்பு ஸ்கேலை எடுத்தேன். அகலவாக்கில் 40 கட்டம் எண்ணி அளந்தேன்: 10 அங்குலம். நீளவாக்கில் 40 கட்டம்: 11½ அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி எண்ணினேன், அதேதான். ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெட்டையாக இருந்திருக்கிறது. அந்த நெட்டைக் கட்டத்தைச் சுற்றி நான் போட்ட 36 மோதிரமும் நெட்டை. ஒரு தையல்கூடத் தப்பில்லை. எண்ணிக்கை அத்தனையும் சரி. கணக்கு சரியாக இருந்து கடைசியில் இருப்பு உதைப்பது ஆபீஸில் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே யாராவது எடைமேடையில் கை வைத்திருப்பார்கள். இங்கே யார் கை வைத்தது?

சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பாவு அச்சுல கட்டினது, அதுல கை வைக்க முடியாதுங்க. ஊடையை அங்குலத்துக்கு ஏழெட்டு இழை குறைச்சா நூலும் மிச்சம், அதே நேரத்துல துணியும் நீளமா இறங்கும். சட்டை தைக்கறவனுக்கு என்ன தெரியப் போகுது?" கட்டத்துக்கு 16 பாவு இழை, 16 ஊடை இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்குப் பாவு 64 இழையும் ஊடை 56 இழையும் நின்றால், அகலத்தில் 40 கட்டம் 10 அங்குலத்துக்குள் அடங்கும், நீளத்தில் கிட்டத்தட்ட 11½ வரும். ஸ்கேல் சொன்னதும் அதுதான். அதாவது நான் தரை என்று நம்பி நின்ற கட்டம், யாரோ ஒருவர் தறியில் நூல் மிச்சம் பிடித்ததால் சாய்ந்த தரை.

டீச்சர் கேட்ட ஒரே கேள்வி, "துணியை நனைச்சீங்களா?" நனைக்கவில்லை. தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டுவது பாவைத்தான். அதனால் தண்ணீர் பட்டதும் அதிகம் சுருங்குவதும் பாவுப் பக்கம்தான். முதலிலேயே ஊறவைத்துக் காயப்போட்டிருந்தால் நெட்டை கொஞ்சம் குறைந்திருக்கும். இனிமேல் துவைத்தால் துணி சுருங்கும், நூல் அந்த அளவுக்குச் சுருங்காது, மோதிரமெல்லாம் புடைத்துக்கொள்ளும். பிரித்துவிடவா என்றேன். "வேணாம். வித்துடுங்க. வாங்கறவங்க அளந்தா பாக்கப் போறாங்க?" என்றார். இந்தப் பதில் அவரிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 40 வருட டீச்சர், மேல்கால் சாய்வுக்கு உயிரை எடுப்பவர்! நவம்பரில் புதுக் கண்ணாடி வந்ததும் அந்த விரிப்பை ஒருமுறை கண்ணாலும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மடித்து விற்பனைப் பையில் வைத்தார்.

மச்சினன் கையில் எடுத்துப் பார்த்தது இந்த விரிப்பைத்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றதும் இதைத்தான், "யார் வேணாலும் போடலாம்" என்றதும் இதைத்தான். 36 முட்டையில் ஒன்றுகூட அவன் கண்ணில் படவில்லை. அவன் பெண்டாட்டிக்கு சிவப்பு பிடித்துப்போய் அங்கேயே காசு கொடுத்து வாங்கிவிட்டாள். இப்போது அது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பொங்கலுக்குப் போனபோது என் இலைக்கு நேர் மேலே ஆறு முட்டை. வருகிற ஆட்களிடம் எல்லாம், "மாமா போட்டது" என்று வேறு சொல்கிறான்.

மந்து

ஜனவரியில் ஒரு சொந்தக்காரக் குடும்பம் உறைபனி பார்க்க வந்தது. ஊட்டிக்கு அழைத்துப் போனேன். அவர்கள் தாவரவியல் பூங்காவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் மேலே இருக்கும் தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு, ஏறினேன். முப்பது வருடத்தில் நாலைந்து முறை போயிருப்பேன், எல்லாம் வேடிக்கை பார்க்கத்தான். இந்த முறை கை பார்க்கப் போனேன். ஒரு பெண், வயது நாற்பது இருக்கும், வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து பூத்துக்குளி என்கிற தோடர் சால்வைக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். தடித்த வெள்ளைத் துணி, அதில் நெய்யும்போதே வந்த சிவப்பு கறுப்புப் பட்டைகள். பட்டைக்கு நடுவில் சிவப்பும் கறுப்புமாக நூல். வளையம் இல்லை, பென்சில் கோடு இல்லை, பக்கத்தில் படம் பார்த்துப் போடுகிற காகிதம் இல்லை. முக்கியமாக, கட்டம் இல்லை. வெள்ளைத் துணியின் இழையையே ஊசி முனையால் எண்ணி எண்ணி நூல் ஓடுகிறது.

நானும் கொஞ்சம் தைப்பேன் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தார். எண்ணிக்கை தப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பிரிக்கணும்ணா, வேற என்ன?" என்றார். இந்தத் துணி அவர்கள் நெய்வதில்லை, கீழே இருந்து வருவதுதான். துணி சரியில்லாமல் வந்தால்? "இழை நெருக்கமா இருந்தா எடுக்கவே மாட்டேன். எண்ண முடியாது, கண்ணு போயிடும்." டீச்சர் பழக்கிய பழக்கத்தில், முடிந்த சால்வை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திருப்பினேன். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது, மறுபக்கம் நூல் வரிவரியாகப் புடைத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. பின்பக்கமும் அழகாக இருக்கிறதே என்றேன். அவர் சிரித்தார். "அண்ணா, இப்ப நீங்க பாக்கறதுதான் முன்பக்கம்." அவர்களுக்குப் புடைத்த பக்கம்தான் முகம். நான் இத்தனை வருடம் கடைகளில் மடித்து வைத்திருந்த சால்வைகளை முதுகைப் பார்த்து அழகு என்று சொல்லியிருக்கிறேன் போல.

தோடர் பூ வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷினில் போட்ட நகல் சால்வைகளும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்குபவர் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் எத்தனை பேர் திருப்புகிறார்கள்? இறங்கி வரும்போது இதெல்லாம் மனதில் ஓடவில்லை. "யார் வேணாலும் போடலாம்" என்பதை இந்த அம்மாவைப் பார்த்து மச்சினனால் சொல்ல முடியாது, என்னைப் பார்த்துச் சொல்ல முடிந்தது, அதுதான் ஓடியது. அவர் எண்ணுவது இழையை. நான் எண்ணுவது, தறிக்காரன் எனக்காக எண்ணி வைத்ததை. அதையும் அவன் தப்பாக எண்ணி வைத்தால் நானும் தப்பு. அடுத்த இரண்டு வாரம் குட்டிகூரா டப்பாவைத் திறக்கவில்லை.

சொட்டு மருந்து எப்போதோ நின்றுவிட்டாலும் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போவது நிற்கவில்லை. ஒரு நாள் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே மச்சினன் சொன்னதைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று, வெட்கமில்லாமல் சொன்னால், எதிர்பார்த்தேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கார்," என்றார். "யார் வேணாலும் போடலாம். எங்கிட்ட வந்த பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு வரையத் தெரியும்? பேப்பர்ல ஒரு பூ போடச் சொன்னா அழும். கட்டத்துணியைக் குடுத்தா ஒரே வாரத்துல வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்ட ஒரு பொருள் இருக்கும். நான் வேற எதுக்குத் தம்பி அதைச் சொல்லிக்குடுத்தேன்? உங்களுக்கு வரையத் தெரியுமா?"

தெரியாது.

"அப்பறம் என்ன? அந்தத் தோடர்ப் பொண்ணு அவங்கம்மாகிட்டப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. நீங்க கண்ணு தெரியாத கிழவிகிட்ட ஒரே மாசத்துல கத்துக்கிட்டீங்க. ரெண்டையும் ஏன் ஒரே தராசுல வைக்கறீங்க?"

தராசு என்ற சொல் எனக்கு நன்றாகவே உறைத்தது, 31 வருடம் தராசோடு இருந்தவனுக்கு. ஆனாலும் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம் என்றால், விரலால் தடவி முட்டை என்று கண்டுபிடித்தாரே, அதையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்களா? கேட்டேன். டீச்சர் வர்க்கித் தூளை மடியிலிருந்து தட்டிவிட்டு, "அதுக்கு நாப்பது வருஷம் ஆகும். உங்களுக்கு அவ்வளவு டயம் இல்ல. ஸ்கேல் வச்சுக்குங்க" என்றார்.

போன வாரம் கடைவீதிக்கு ஸ்கேலோடு போனேன். நாலு துணிச் சுருள் பிரித்துப் போடச் சொல்லி, நாலிலும் 40 கட்டம் எண்ணி அளந்தேன், இரண்டு பக்கமும். கடைப் பையன் முதலில் சிரித்தான், பிறகு முதலாளியைப் பார்த்தான், மூன்றாவது சுருளில் அவனும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டான். பச்சை வெள்ளைக் கட்டத்தில் இரண்டு மீட்டர் கிழித்துக் கொடுத்தான். ஒரு ராத்திரி முழுக்க வாளியில் ஊறியது. வெளியே போட்டால் பனியில் காயாது என்று சமையலறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மனைவியிடம் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன். இஸ்திரி போட்டு மறுபடி அளந்தேன். அகலம் 10, நீளம் 10¼.

கால் அங்குலம் பரவாயில்லை என்கிறார் டீச்சர். துணி மேசைமேல் மடித்தபடி இருக்கிறது. நான் இன்னும் முதல் தையல் போடவில்லை.